தாமே ஓட்டிச் செல்லும் வாடகைக் கார்ப் பயணம்: உரிமைகளும் இடர்களும் தீர்வுகளும்

ஓட்டுநர் இல்லாமல் வாடகைக்குக் கிடைக்கும் காரை எடுத்துக்கொண்டு, கோயம்புத்தூரிலிருந்து குன்னூர், உதகை, பைக்காரா ஏரி, கூடலூர் வழியாக முதுமலை, பந்திப்பூர்க் காடுகளைக் கடந்து மைசூரையும் ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் அடையும் பயணம், தென்னிந்தியக் குடும்பங்களிடையே பரவலாகிவிட்ட விடுமுறை வழக்கமாகும். டாக்சியில் செல்பவர் சட்டத்தின் பார்வையில் பயணி மட்டுமே. தாமே ஓட்டிச் செல்பவரோ, ஓட்டுநருக்குரிய குற்றவியல் பொறுப்பையும், உரிமையாளருக்குரிய கடமைகளில் ஒரு பகுதியையும், நுகர்வோருக்குரிய உரிமைகளையும் ஒருசேர ஏற்கிறார். இந்த மூன்று நிலைகளையும் புறப்படும் முன்பே அறிந்துகொள்ளாதவருக்கு, இடர் நேர்ந்த பின் சட்டம் தரக்கூடிய பாதுகாப்பு பெரிதும் சுருங்கிவிடுகிறது.

எண் பலகை சொல்லும் செய்தி

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 75ஆம் பிரிவின்கீழ் நடுவண் அரசு 1989-இல் வகுத்த வாடகைக் கார்த் திட்டம், தாமே ஓட்டுவோருக்குக் கார் வாடகைக்குவிடும் தொழிலை உரிமம் பெற்றே நடத்த வேண்டும் என்கிறது. உரிமம் கோருபவரிடம் குறைந்தது 50 கார்கள் இருக்க வேண்டும் என்பதும், அவை உரிய பெர்மிட்டும் முழுமையான காப்பீடும் உடையவையாக இருக்க வேண்டும் என்பதும் அத்திட்டத்தின் நிபந்தனைகள். இவ்வாறு முறையாகப் பதிவான கார் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துகளைத் தாங்கியிருக்கும். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து டாக்சிக்கு உரியது. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து சொந்தப் பயன்பாட்டுக் காருக்கு உரியது.

குறைந்த வாடகைக்குக் கிடைக்கிறது என்பதற்காக வெள்ளைப் பலகைக் காரை எடுப்பவர்கள் பலர். பெர்மிட் இல்லாத வண்டியை வாடகைக்குப் பயன்படுத்துவதற்கு அச்சட்டத்தின் 192ஏ பிரிவு முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறையும் 10,000 ரூபாய் அபராதமும் விதிக்கிறது. அப்பிரிவு ஓட்ட அனுமதித்தவரை மட்டுமல்லாமல் ஓட்டியவரையும் குறிக்கிறது. மாநில எல்லைச் சோதனைச் சாவடியில் வண்டி பிடிக்கப்பட்டால், உரிமையாளர் வீட்டில் இருக்க, பயணம் தடைப்பட்டு நடுவழியில் நிற்பது வாடகைக்கு எடுத்த குடும்பம்தான்.

கறுப்புப் பலகைக் கார் சட்டப்படி போக்குவரத்து வாகனமே என்பதால், அதை ஓட்டத் தனி உரிமம் வேண்டுமோ என்ற ஐயம் நெடுங்காலம் இருந்தது. 7,500 கிலோ எடைக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை இலகுரக வாகன உரிமம் பெற்றவரே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்ததால் அந்த ஐயம் நீங்கியது.

காப்பீடு யாரைக் காக்கிறது?

சொந்தப் பயன்பாட்டுக் காரின் காப்பீட்டுப் பத்திரத்தில், வாடகைக்கு விடுவது விலக்கப்பட்ட பயன்பாடாகவே குறிக்கப்பட்டிருக்கும். ஆகவே வெள்ளைப் பலகைக் கார் வாடகைப் பயணத்தில் சேதமடைந்தால், அச்சேதத்துக்கான கோரிக்கையைக் காப்பீட்டு நிறுவனம் மறுக்க இடமுண்டு. அந்தச் செலவை உரிமையாளர் வாடகைக்கு எடுத்தவரிடமே கேட்பார். விபத்தில் பாதிக்கப்பட்ட வெளியாருக்குக் காப்பீட்டு நிறுவனம் முதலில் இழப்பீடு வழங்கிவிட்டு, நிபந்தனை மீறப்பட்டதைக் காட்டி உரிமையாளரிடம் அதைத் திரும்ப வசூலிக்கும்படி தீர்ப்பாயங்கள் ஆணையிடுவதுண்டு. கவனக்குறைவாக ஓட்டியவரின் பொறுப்பும் அதனோடு சேர்ந்தே நிற்கும்.

பலரும் அறியாத இடர் இன்னொன்று உண்டு. மூன்றாம் நபர் காப்பீடு என்பது வண்டியால் பாதிக்கப்படும் பிறருக்கானது. ஓட்டுபவரின் உயிருக்கானது அன்று. பிறருடைய வண்டியைப் பெற்று ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவராகிறார் என்றும், ஆகவே அவர் அந்த வண்டியின் காப்பீட்டாளரிடம் மூன்றாம் நபராக இழப்பீடு கோர முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் 2009-இல் நிங்கம்மா வழக்கிலும் 2020-இல் ராம்கிலாடி வழக்கிலும் கூறியுள்ளது. பதிவு பெற்ற உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு வாடகைக்கு எடுத்தவருக்குத் தானாக வந்து சேர்வதில்லை. எனவே, ஸ்டீயரிங்கைப் பிடிக்கப்போகும் ஒவ்வொருவரும் தம் பெயரில் தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்றை வைத்திருப்பது குடும்பத்துக்குச் செய்யும் முதற்கடமையாகும். வாடகை ஒப்பந்தத்தில் பெயர் இடம்பெறாத நண்பரிடமோ உறவினரிடமோ வண்டியை ஓட்டக் கொடுப்பது, இருக்கும் பாதுகாப்பையும் கேள்விக்குள்ளாக்கும்.

டெபாசிட்டும் சான்றுகளும்

வாடகைக் கார்த் தகராறுகளில் பெரும்பாலும் பேசப்படுவது டெபாசிட் தொகையைப் பற்றித்தான். பழைய கீறலைப் புதியது என்று சொல்லிப் பணத்தைப் பிடித்துக்கொள்வதும், நகலைக் காட்டாமல் போக்குவரத்து அபராதம் என்று கழித்துக்கொள்வதும் பரவலான புகார்கள். இவற்றுக்கு எதிரான எளிய காப்பு, வண்டியைப் பெறும்போதும் ஒப்படைக்கும்போதும் நான்கு பக்கங்கள், டயர்கள், அடிப்பகுதி, ஸ்டெப்னி, கிலோமீட்டர் மீட்டர், எரிபொருள் அளவு ஆகியவற்றை நேரம் தெரியும்படி வீடியோ எடுத்து, அன்றே நிறுவனத்துக்கு அனுப்பிவைப்பதாகும். பதிவுச் சான்று, பெர்மிட், காப்பீடு, மாசுச் சான்று ஆகியவற்றின் செல்லுபடிக் காலத்தை எம்-பரிவாகன் செயலியில் சரிபார்க்கலாம். அபராதம் கேட்கப்பட்டால் இ-சலான் நகலையும் அதிலுள்ள நாள், நேரம், இடத்தையும் கேட்டுப் பெற வேண்டும். பயணக் காலத்துக்கு வெளியே நடந்த மீறலுக்கான அபராதத்துக்கு வாடகைக்கு எடுத்தவர் பொறுப்பாக மாட்டார்.

மலையும் காடும்

உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் செல்ல, சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. அது வண்டி எண்ணைக் கொண்டே வழங்கப்படுவதால், நிறுவனம் கடைசி நேரத்தில் வேறு காரைக் கொடுத்தால் முன்பு பெற்ற பாஸ் பயன்படாது. வண்டி எண்ணை முன்கூட்டியே எழுத்தில் பெறுவது நல்லது.

கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது எந்த கியரில் ஏற வேண்டுமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலை ஓட்டுநர்களின் பாடம். இடைவிடாமல் பிரேக்கை மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும்; கியரைக் குறைத்தால் என்ஜினே வேகத்தைக் கட்டுப்படுத்தும். ஆட்டோமேட்டிக் கார் ஓட்டுபவர் கீழ்க்கியரைத் தாமே தேர்ந்தெடுக்கும் முறையைப் புறப்படும் முன் கற்றுக்கொள்ள வேண்டும். குறுகிய சரிவில் ஏறிவரும் வண்டிக்கே முன்னுரிமை. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் 36 வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதையில் வெளியூர்ச் சுற்றுலா வண்டிகள் இறங்கக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டுள்ளதால், செல்பேசி வரைபடம் காட்டும் குறுக்குவழியை நம்பிச் செல்லக் கூடாது.

பந்திப்பூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை நடைமுறையில் உள்ளது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 27ஆம் பிரிவு சரணாலயத்துக்குள் நுழைவதைத் தடைசெய்து, பொது நெடுஞ்சாலை வழியாகக் கடந்து செல்பவருக்கு விலக்களிக்கிறது. அந்த விலக்கு கடந்து செல்வதற்கானது. வண்டியை நிறுத்தி இறங்கவும், காட்டுக்குள் நடக்கவும், படமெடுக்க யானையை நெருங்கவும் அது உரிமை தருவதில்லை. விலங்குகளைச் சீண்டுவதும் குப்பை கொட்டுவதும் அதே பிரிவில் தடைசெய்யப்பட்டவை. சரணாலயத்தில் நெருப்பு மூட்டுவது 30ஆம் பிரிவின்படி குற்றம். 2022 திருத்தத்துக்குப் பின் இத்தகைய மீறல்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். யானை சாலையைக் கடந்தால் தொலைவிலேயே நின்று, ஹாரன் அடிக்காமல், கூட்டம் முழுவதும் கடக்கும் வரை காத்திருப்பதே பாதுகாப்பு.

ஏரிகளில் உயிர்காப்பு உடை தரப்படாத படகில் ஏற மறுப்பது பயணியின் உரிமை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் 1784-இல் கட்டிய தரியா தௌலத் மாளிகை போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் சுவரில் கிறுக்குவதும் அவற்றைச் சேதப்படுத்துவதும், 1958-ஆம் ஆண்டுத் தொல்லியல் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரியவை.

விபத்து நேர்ந்தால்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவுப்படி, காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும் காவல்துறைக்குத் தெரிவிப்பதும் ஓட்டுநரின் கடமை. அருகில் காவலர் இல்லையெனில் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். அவசர உதவிக்கு 112, ஆம்புலன்சுக்கு 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033 ஆகிய எண்கள் உள்ளன. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட நடுவண் திட்டத்தின்படி, சாலை விபத்தில் காயமுற்றவருக்குக் குறித்த மருத்துவமனைகளில் ஏழு நாள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. உதவி செய்யும் வழிப்போக்கரை 134ஏ பிரிவு வழக்குகளிலிருந்து காக்கிறது. விபத்து கர்நாடகத்தில் நேர்ந்திருந்தாலும், எல்லை வரம்பைக் காரணம் காட்டிக் காவல் நிலையம் புகாரை மறுக்க முடியாது என்பதைக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு உறுதிசெய்கிறது. இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்ததால், காலம் தாழ்த்துவது உரிமையை இழக்கச் செய்யக்கூடும்.

முறையிடும் வழி

நிறுவனத்துடனான தகராறில் முதலில் மின்னஞ்சலில் விளக்கம் கேட்டு, பதில் இல்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவுசெய்யலாம். அதுவும் பயன்தராவிடில், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், நுகர்வோர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்வதும் கட்டாயம் இல்லை. அளவுக்கு மீறிய டெபாசிட் கேட்பதும், நேர்ந்த இழப்புக்குப் பொருந்தாத தண்டத்தொகை விதிப்பதும் அச்சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்தங்கள் எனப்படுகின்றன. ஒப்பந்த நிபந்தனையையே எதிர்க்கும் புகார் மாநில ஆணையத்துக்குச் செல்ல வேண்டும்.

இந்த உரிமைகள் எல்லாம் சான்று வைத்திருப்பவருக்கே பயன்படுகின்றன. கறுப்புப் பலகை, செல்லுபடியாகும் பெர்மிட், காப்பீட்டு நகல், கையெழுத்தான ஒப்பந்தம், வண்டியின் வீடியோ ஆகிய ஐந்தும் கையில் இல்லாமல் எவரும் சாவியை வாங்க வேண்டாம்.