புளிப்பே காவல்

ஆனி பிறந்து மாம்பழ விலை இறங்கியதும் பல வீடுகளில் ஜாம் கிண்டும் ஆசை வந்துவிடுகிறது. யூடியூபில் செய்முறை பார்த்து, பரணிலிருந்து பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை இறக்கி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, ஜாமைச் சுடச்சுட ஊற்றி மூடியை இறுக்குகிறார்கள். கிருமி செத்தது, காற்றும் புகாது, இனி கெடாது என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதியில் பாதிதான் நியாயம்.

கொதிக்க வைத்துக் காற்றுப் புகாமல் அடைத்தால் பண்டம் கெடாது என்று செய்துகாட்டியவர் நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சு மிட்டாய்க்காரர். ஷாம்பெயின் பாட்டிலில் பழத்தையும் காயையும் அடைத்து, கார்க்கை இறுக்கி, கொதிநீரில் நெடுநேரம் வைத்தார். 1810-ல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 ஃபிராங்க் கொடுத்து அந்த முறையைப் புத்தகமாக வெளியிடச் செய்தது. ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. நுண்ணுயிர்கள்தான் காரணம் என்று லூயி பாஸ்டர் விளக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. இடையில் 1858-ல் ஜான் மேசன் என்ற நியூயார்க் தகரக்கொல்லர் கண்ணாடி ஜாடிக்குத் திருகுமூடி வைத்துக் காப்புரிமை பெற்றார். அமெரிக்க வீடுகளில் கோடைப் பழத்தை ஜாடியில் அடைப்பது ஆண்டுச் சடங்கானது அதன் பிறகுதான்.

ஆனால் கொதிநீருக்கு அடங்காத கிருமி ஒன்று இருக்கிறது. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம். மண்ணில் எங்கும் இருப்பது. நெருக்கடி வந்தால் கெட்டி ஓடு போர்த்திய வித்தாக மாறி உறங்கிவிடும். அந்த வித்து 100 டிகிரி கொதியில் மணிக்கணக்கில் கிடந்தாலும் பிழைக்கும். அதை விரைவாகக் கொல்ல 121 டிகிரி வேண்டும். திறந்த பாத்திரத்தில் தண்ணீரை எவ்வளவு கொதிக்க விட்டாலும் அந்தச் சூடு வராது. இன்னொரு வேடிக்கை, இதற்குக் காற்றே ஆகாது. நாம் இறுக்கி மூடிய பாட்டில் அதற்குக் கட்டிக்கொடுத்த வீடு மாதிரி. உள்ளே முளைத்துவிட்டால் அது கக்கும் நஞ்சு நரம்பைத் தாக்கி, கடைசியில் மூச்சுத் தசையையே முடக்கும். பல நேரங்களில் வாசனையிலும் ருசியிலும் ஒரு மாற்றமும் தெரியாது.

பிறகு எப்படி இத்தனை தலைமுறையாக ஜாமும் ஊறுகாயும் தின்று உயிரோடு இருக்கிறோம்? புளிப்பால்தான். பி.எச். அளவு 4.6-க்குக் கீழே இருந்தால் அந்த வித்து உறங்கிக்கொண்டே கிடக்கும், முளைக்காது. (பி.எச். எண் குறையக் குறையப் புளிப்பு கூடுகிறது என்று அர்த்தம்.) பிளம்ஸ், அன்னாசி போன்றவை இந்தக் கோட்டுக்கு நன்றாகக் கீழே இருப்பவை. பப்பாளியும் தர்பூசணியும் மேலே. சிக்கல் மாம்பழத்தில்தான். ரகத்தையும் கனிவையும் பொறுத்து 3.4-லிருந்து 4.8 வரை போகும். அதாவது தேனாய் இனிக்கிற, நன்றாகப் பழுத்த பழம்தான் கோட்டைத் தாண்டக்கூடியது. ஜாமுக்கு நாம் தேடுவதும் அதைத்தானே!

செய்முறைகளில் கடைசி வரியாக, ருசிக்கு என்று வரும் எலுமிச்சைச் சாறு உண்மையில் ருசிக்கு அல்ல. ஒரு கிலோ மாம்பழக் கூழுக்கு 5 கிராம் சிட்ரிக் அமிலம் போடலாம். எலுமிச்சையானால் நம் ஊர்ச் சிறு பழத்தில் நாலைந்தாவது பிழிய வேண்டும். ஒரு மூடி பிழிந்துவிட்டுத் திருப்திப்படுவது கண்துடைப்பு.

அடுத்தது சர்க்கரை. அது கிருமியைக் கொல்வதில்லை, தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. ஜாமில் ஈரம் கண்ணுக்குத் தெரிந்தாலும் கிருமிக்கு அதை உறிஞ்ச முடியாது. ஜாம் என்று விற்க வேண்டுமானால் கரைந்த திடப்பொருள் 65 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று உணவுத் தர விதி சொல்வதன் பின்னணியில் இதுவும் உண்டு. அந்தப் பதம் வந்ததை எப்படி அறிவது? கொதிநிலை 105 டிகிரியைத் தொட வேண்டும் என்பது கடலோர ஊர்க் கணக்கு. கொடைக்கானலில் தண்ணீரே சுமார் 93 டிகிரியில் கொதிப்பதால் அங்கே 97, 98 போதும். 105-க்குக் காத்திருந்தால் ஜாம் கல்லாகிவிடும். என்னைக் கேட்டால் தராசுதான் நல்லது. ஒரு கிலோ கூழில் இயல்பாகவே சுமார் 180 கிராம் திடப்பொருள் உண்டு. ஒரு கிலோ சர்க்கரை சேர்த்தால் மொத்தம் 1,180 கிராம். இது 68 சதவீதமாக இருக்க, ஜாமின் எடை சுமார் 1,735 கிராமுக்கு வர வேண்டும். வெறும் பாத்திரத்தை முன்பே எடைபோட்டு வைத்துக்கொண்டால் எந்த ஊரிலும் இது தவறாது.

உடம்புக்கு ஆகாது என்று சர்க்கரையைப் பாதியாக்குகிறவர்கள் தாராளமாகச் செய்யலாம். ஆனால் அது ஜாம் அல்ல, இனிப்புக் கூழ். ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும்.

ஜாம் இறுகுவதிலும் புளிப்புக்குப் பங்குண்டு. பழத்தின் செல் சுவரில் உள்ள பெக்டின் நீண்ட சங்கிலி. சங்கிலிகள் எல்லாம் எதிர்மின்னூட்டம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று தள்ளும். அமிலம் அந்த மின்னூட்டத்தைத் தணிக்கிறது, சர்க்கரை தண்ணீரை விலக்குகிறது. அப்போதுதான் அவை கைகோத்து வலையாகின்றன. பழம் கனியக் கனிய நொதிகள் பெக்டினை வெட்டிவிடும். அதனால் பத்துப் பழத்துக்கு இரண்டு செங்காயைச் சேர்த்துக்கொள்வது நல்ல தந்திரம்: பெக்டினும் வரும், புளிப்பும் வரும்.

நம் ஊறுகாய் ஜாடியிலும் இதே ஆட்டம்தான், சர்க்கரையின் இடத்தில் உப்பு. மாவடுவை விளக்கெண்ணெய் தடவி உப்பில் போட்டால், தோல் சுருங்கச் சுருங்க ஜாடியில் தண்ணீர் விட்டுக்கொள்வதைப் பார்க்கலாம். காயிலிருந்து உப்பு இழுத்த நீர் அது. ஈரக் கரண்டி போடாதே என்று பாட்டிகள் அதட்டியது சரி. ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்த இடத்தில் மட்டும் உப்பு நீர்த்துப்போய்ப் பூஞ்சைக்கு வழிவிடும். மேலே நிற்கும் நல்லெண்ணெய் காற்றைத் தடுத்துப் பூஞ்சையைத் தள்ளிவைக்கிறது. ஆனால் காற்றில்லாத இடம் பாட்டுலினத்துக்கு விருந்து என்று பார்த்தோமே. அங்கே காப்பாற்றுவது மாங்காயின் புளிப்பும் உப்பும்தான், எண்ணெய் அல்ல. 1985-ல் கனடாவின் வான்கூவரில் எண்ணெயில் போட்டு வைத்த பூண்டைச் சாப்பிட்ட 30-க்கும் மேற்பட்டோருக்குப் பாட்டுலின நஞ்சு ஏறியது. அதில் புளிப்பே இல்லை. நம் பூண்டு ஊறுகாயில் புளியோ எலுமிச்சையோ தாராளமாக விழுவது எவ்வளவு நல்ல வழக்கம்!

எல்லா வழக்கமும் அப்படியல்ல. மேலே வெள்ளை பூத்தால் அதை மட்டும் வழித்தெறிந்துவிட்டுக் கீழே உள்ளதைப் பயன்படுத்துவது பல வீடுகளில் இன்றும் உண்டு. நாம் காண்பது பூஞ்சையின் தலைமுடி மட்டுமே. அதன் இழைகள் உள்ளே இறங்கியிருக்கும், சில இனங்கள் நஞ்சும் விடும். அதைவிட மோசம், பூஞ்சைக்கு அமிலமே தீனி. தின்னத் தின்ன அதைச் சுற்றியுள்ள பகுதியில் பி.எச். ஏறி 4.6-ஐத் தாண்டக்கூடும். அடியில் உறங்கும் வித்து அதற்காகத்தான் காத்திருக்கிறது. பூஞ்சை பூத்த ஜாம், மூடி உப்பிய பாட்டில், திறந்ததும் புஸ்ஸென்று நுரைப்பது எதுவானாலும் நாக்கில் தொட்டுப் பார்க்கக் கூடாது. மாட்டுக்கும் நாய்க்கும் வைக்காமல், பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.