வீரத்துக்குச் சாட்சி யார்? ராணுவப் பதக்கங்களின் நியாயக் கணக்கு

1965 செப்டம்பர் 7 அதிகாலை. பஞ்சாபின் ஆதம்பூர் தளத்திலிருந்து மிஸ்டேர் ரகப் போர் விமானங்கள் பாகிஸ்தானின் சர்கோதாவைத் தாக்கக் கிளம்பின. குடகைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட தேவய்யா அன்று மாற்று விமானி. யாராவது கிளம்ப முடியாமல் போனால் அந்த இடத்தை நிரப்ப வேண்டியவர். ஒரு விமானம் விலகிக்கொள்ள, இவர் போய்ச் சேர்ந்துகொண்டார். திரும்பி வரவில்லை. என்ன ஆனது என்று உடன் போனவர்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. காணாமல் போனவர் என்று பதிவானதோடு சரி.

பாகிஸ்தான் தரப்பிலிருந்து அந்தப் போரைப் பற்றி பிரிட்டிஷ் எழுத்தாளர் ஜான் ஃப்ரிக்கர் எழுதிய புத்தகம் 1979-ல் வந்த பிறகுதான் கதை வெளியே வந்தது. சர்கோதாவிலிருந்து திரும்பும் வழியில் மிஸ்டேர் ஒன்றை, ஒலியைவிட இரு மடங்கு வேகத்தில் பறக்கக்கூடிய ஸ்டார்ஃபைட்டர் விமானம் துரத்திப் பிடித்துச் சுட்டிருக்கிறது. அடிபட்ட பிறகும் மிஸ்டேர் விமானி தப்பி ஓடாமல் திரும்பி நின்று சண்டை போட்டிருக்கிறார். ஸ்டார்ஃபைட்டர் விழுந்தது. அதன் விமானி அம்ஜத் ஹுசைன் பாராசூட்டில் குதித்துப் பிழைத்தார். அவர் சொன்னதை நம் பக்கத்துப் பதிவுகளோடு வைத்துப் பார்த்தபோது, அந்த மிஸ்டேரில் இருந்தவர் தேவய்யாதான் என்று உறுதியானது. அன்றைய தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய ஓ.பி. தனேஜா விடாமல் வலியுறுத்தினார். 1988-ல் தேவய்யாவின் மனைவி மகா வீர் சக்ராவைப் பெற்றுக்கொண்டார். இடையில் 23 வருடங்கள் போய்விட்டன.

அம்ஜத் ஹுசைன் அன்று பிழைக்காமல் போயிருந்தால், தேவய்யா இன்றும் காணாமல் போனவர்தான்.

குடியரசு தினத்தன்றும் சுதந்திர தினத்தன்றும் பதக்கப் பட்டியல் வெளியாகும்போது நமக்குக் கண்ணில் படுவது கடைசி வரி மட்டும்: பெயர், படைப்பிரிவு, பதக்கம். அதற்கு முன்னால் ஒரு கோப்பு நடந்து வந்த தூரம் தெரிவதில்லை. சண்டை முடிந்ததும் அந்தப் பட்டாலியனின் கமாண்டிங் ஆபீசர் 'சைட்டேஷன்' எழுதுகிறார். யார், எங்கே, என்ன சூழலில், என்ன செய்தார், பார்த்தவர் யார் என்ற விவரம் அதில் இருக்கும். அது பிரிகேட், டிவிஷன், கோர், கமாண்ட் என்று ஒவ்வொரு படியாக ஏறித் தலைமையகத்துக்குப் போகிறது. அங்கிருந்து பாதுகாப்பு அமைச்சகத்தின் விருதுக் குழு, கடைசியாகக் குடியரசுத் தலைவர். எந்தப் படியிலும் மேலே இருப்பவர் பரிந்துரையைக் குறைக்கலாம். மகா வீர் சக்ராவுக்குக் கிளம்பிய கோப்பு வீர் சக்ராவாகவோ சேனா மெடலாகவோ இறங்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். எதனால் குறைந்தது என்று சம்பந்தப்பட்ட ஜவானுக்கோ அவர் குடும்பத்துக்கோ யாரும் விளக்கக் கடமைப்பட்டவர்கள் இல்லை.

ஆகவே பதக்கம் கிடைக்க இரண்டு தேவை. செயலைப் பார்த்த கண். பார்த்ததை உருப்படியாக எழுதத் தெரிந்த கை. வீரம் இருந்தும் இந்த இரண்டில் ஒன்று இல்லாமல் போனவர்கள்தான் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள். பாரபட்சம், சிபாரிசு என்று நாம் வழக்கமாகச் சந்தேகப்படுவதைவிட இது பெரிய ஓட்டை என்பது என் எண்ணம்.

லடாக்கின் ரெசாங் லா இதற்குச் சரியான சாட்சி. 1962 நவம்பர் 18 அன்று மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில் 13 குமாவுன் பட்டாலியனின் சார்லி கம்பெனி, சுமார் 120 பேர், அந்தக் கணவாயில் சீனப் படையை எதிர்த்து நின்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தப்பி வந்த சிலர், கடைசித் தோட்டாவரை சண்டை நடந்தது என்று சொன்னபோது நம்ப ஆளில்லை. தோற்ற போர் அது. பின்வாங்கிய கதைகள் நிறைய வந்துகொண்டிருந்த நேரம். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பனி சற்று விலகி, ஆட்கள் மேலே போய்ப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. பதுங்கு குழிகளில் துப்பாக்கியைப் பிடித்தபடியே உறைந்து கிடந்தார்கள். மருத்துவ உதவியாளர் தரம்பால் தஹியாவின் கையில் பேண்டேஜும் ஊசியும் அப்படியே இருந்தன. ஷைத்தான் சிங்குக்குப் பரம் வீர் சக்ரா, தஹியா உட்படப் பலருக்கு வீர் சக்ரா. உயிரோடு வந்தவர்கள் சொல்லி எடுபடாததை, இறந்தவர்களின் உடல்கள் நிரூபித்தன. அதே போரில் உடல்களைக்கூட எடுக்க முடியாமல் விட்டுவந்த இடங்களில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஜெயித்த இடத்தில் களம் நம் கையில் இருக்கிறது, சாட்சி இருக்கிறது, எழுத நேரமும் இருக்கிறது. தோற்ற இடத்தில் எதுவும் இல்லை.

கோப்பு தடுமாறினால் எதிர்த்திசையிலும் தடுமாறும். அதே 1962 போரில் மேஜர் தன் சிங் தாபாவுக்கு, இறந்தவர் என்று கருதி, பரம் வீர் சக்ரா அறிவித்தார்கள். அவரோ சீனாவில் போர்க் கைதியாக இருந்தார். 1963-ல் திரும்பி வந்தார். கார்கிலில் டைகர் ஹில் மீது ஏறிய 19 வயது யோகேந்திர சிங் யாதவ் கதையும் அப்படித்தான். அவருடைய 18 கிரனேடியர்ஸ் பட்டாலியனில் அதே பெயரில் இன்னொருவர் இருந்ததால் குழப்பம்; மறைவுக்குப் பின் விருது என்று அறிவிப்பு வந்தபோது இவர் உடலெல்லாம் காயத்தோடு மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார்.

அதே டைகர் ஹில்லில் எதிர்ப்பக்கம் நின்று செத்தவர் பாகிஸ்தானின் கேப்டன் கர்னல் ஷேர் கான் ('கர்னல்' பெயரின் பகுதி, பதவி அல்ல). அவர் எப்படிச் சண்டையிட்டார் என்று நேரில் தெரிந்த இந்திய பிரிகேடியர் எம்.பி.எஸ். பஜ்வா, உடலை அனுப்பும்போது அதன் சட்டைப் பையில் அவருடைய வீரத்தைச் சொல்லும் ஒரு குறிப்பு எழுதி வைத்தார். எதிரி தந்த அந்தச் சாட்சிக்குப் பிறகு, ஷேர் கானுக்குப் பாகிஸ்தான் தன் உயரிய விருதான நிஷான்-எ-ஹைதரை அளித்தது.

இதுவரை வழங்கப்பட்ட பரம் வீர் சக்ராக்கள் 21. 1999-க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. இந்த 21 பேரில் 14 பேர் மறைவுக்குப் பின் பெற்றவர்கள். பட்டியலைப் பதவிவாரியாகப் பிரித்தால் அதிகாரிகள் 12, அவர்களுக்குக் கீழே உள்ள ஜேசிஓ, ஜவான் நிலையினர் 9. ராணுவத்தின் மொத்த ஆள் கணக்கில் அதிகாரிகள் சிறு பங்குதான் என்பதை நினைத்தால் இது உறுத்தும். ஒரு பதில் உண்டு: இந்திய ராணுவத்தில் இளம் அதிகாரிகள் முன்னால் நின்றுதான் கம்பெனியையும் பிளாட்டூனையும் நடத்துகிறார்கள், சாகிற விகிதமும் அவர்களிடம் அதிகம். நியாயமான பதில்தான். ஆனால் முன்னால் நிற்பவரை எல்லோரும் பார்க்கிறார்கள், கீழ் வரிசையில் தனியாக ஒரு பங்கருக்குள் நுழைந்த சிப்பாயைப் பார்க்க ஆளிருக்காது என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது. ஆறுதலான ஒன்று, இங்கே ஒரே பதக்கம்தான் எல்லாப் பதவிக்கும். பிரிட்டனில் அதிகாரிக்கு மிலிட்டரி கிராஸ், சிப்பாய்க்கு மிலிட்டரி மெடல் என்று பிரித்து வைத்திருந்ததை 1993-ல்தான் எடுத்தார்கள். இந்தியச் சிப்பாய்க்கு விக்டோரியா கிராஸ் பெறும் தகுதியே 1911 டில்லி தர்பாரில்தான் வந்தது.

அடுத்த சிக்கல் கொஞ்சம் நுணுக்கமானது. நம்மிடம் பதக்க ஏணி ஒன்றல்ல, இரண்டு. 'எதிரியின் முன்னிலையில்' காட்டிய வீரத்துக்குப் பரம் வீர், மகா வீர், வீர் சக்ராக்கள். அது அல்லாத வீரத்துக்கு அசோக், கீர்த்தி, சௌர்ய சக்ராக்கள். முதல் வரிசை 1950 குடியரசு தினத்தன்று வந்தது, இரண்டாவது 1952-ல். எதிரி யார் என்பதை முடிவு செய்வது அரசு. 2014 ஏப்ரலில் காஷ்மீரின் ஷோபியானில் தீவிரவாதிகளோடு நடந்த சண்டையில் இறந்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு அசோக் சக்ரா. 'அமரன்' படத்துக்குப் பிறகு அவரைத் தெரியாத தமிழர் குறைவு. 2020 ஜூனில் கல்வானில் ஒரு தோட்டாகூடச் சுடாமல் நடந்த மோதலில் இறந்த கர்னல் சந்தோஷ் பாபுவுக்கு மகா வீர் சக்ராவும், ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி, மருத்துவ உதவியாளர் தீபக் சிங் உள்ளிட்டோருக்கு வீர் சக்ராவும். இது போர்க்கால ஏணி. எதிரே நின்றது சீன ராணுவம் என்பதால்.

சொந்த நாட்டுக்குள் நடக்கும் நடவடிக்கையில் 'எதிரி' என்ற சொல்லைப் போட அரசு தயங்குவதில் நியாயம் இருக்கிறது. குடிமக்கள் வாழும் ஊரைப் போர்க்களம் என்று அறிவித்துவிட முடியாது. ஆனால் கோடு எப்போதும் அங்கேயே நிற்கவில்லை. 1961-ல் ஐ.நா. படையோடு காங்கோ போன கேப்டன் சலாரியாவும், 1987 நவம்பரில் இலங்கையில் புலிகளோடு நடந்த மோதலில் இறந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் பெற்றது பரம் வீர் சக்ரா. இரண்டு நாடுகளோடும் இந்தியா போரில் இருக்கவில்லை.

இந்தக் கோட்டின் பழைய வடிவத்தை ஒரு தமிழரே சந்தித்திருக்கிறார். 1944 பிப்ரவரி 24, இத்தாலியின் மின்யானோ பகுதி. மதராஸ் சாப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்ரமணியன் தன் ஆட்களோடு கண்ணிவெடிகளை அகற்றிக்கொண்டிருந்தார். காலடியில் ஒன்று தூண்டப்பட்டுவிட்டது. வெடிக்கச் சில நொடிகள்தான். அவர் அதன்மேல் விழுந்து படுத்துக்கொண்டார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள். அவருக்குக் கிடைத்தது ஜார்ஜ் கிராஸ். விக்டோரியா கிராஸ் கிடையாது, ஏனென்றால் அந்த நொடியில் எதிரே எதிரி இல்லை. எதிரி புதைத்துவிட்டுப் போன வெடி மட்டுமே இருந்தது.

மேலிருப்பவர் கோப்பைக் கெடுத்த விவகாரமும் பகிரங்கமாக வந்திருக்கிறது. கார்கில் போரில் படாலிக் பகுதியில் 70-வது பிரிகேடை நடத்திய பிரிகேடியர் தேவிந்தர் சிங்கை மகா வீர் சக்ராவுக்குப் பரிந்துரைத்தார்கள். கிடைத்தது விசிஷ்ட சேவா மெடல், வீரத்துக்கே அல்லாமல் சேவைக்குத் தரப்படுவது. ஆயுதப் படைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். அன்றைய கோர் கமாண்டரின் போர் அறிக்கை அவருடைய பங்கைக் குறைத்து எழுதியிருக்கிறது என்று 2010 மே மாதம் தீர்ப்பாயம் கண்டு, பதிவைத் திருத்தச் சொன்னது. ஒரு பிரிகேடியருக்கே பத்தாண்டுகளுக்கு மேல் போராட வேண்டியிருந்தது. சிப்பாய் யாரிடம் போவார்?

பதக்க ஆசை செய்த அசிங்கங்களும் உண்டு. 2003-ல் அசாமில் கர்னல் ஒருவர், ஆட்களைப் படுக்கவைத்துத் தக்காளி சாஸைத் தடவிப் படமெடுத்து, சுட்டுக் கொன்ற தீவிரவாதிகள் என்று அனுப்பினார். ராணுவ நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. சியாச்சினில் சாகாத எதிரியைச் செத்ததாக வீடியோ எடுத்த மேஜர் ஒருவரும் ராணுவ நீதிமன்றத்தில் நின்றார். சிரிப்பாக இருக்கும். ஆனால் கொன்ற எண்ணிக்கையை வைத்துப் பதக்கமும் பதவி உயர்வும் அளக்கிற பழக்கம் இருக்கும் வரை, பொய்யான பிணத்துக்கும் ஒரு சந்தை இருக்கும்.

அமெரிக்கா ஒரு காரியம் செய்தது. இரண்டாம் உலகப் போரில் பத்து லட்சத்துக்கும் அதிகமான கறுப்பினத்தவர் படையில் இருந்தும், ஒருவருக்குக்கூட மெடல் ஆஃப் ஹானர் கிடைக்கவில்லை. 1990-களில் அந்த ராணுவமே ஷா பல்கலைக்கழகத்திடம் பழைய கோப்புகளைக் கொடுத்து ஆராயச் சொன்னது. 1997 ஜனவரியில் அதிபர் கிளின்டன் ஏழு பேருக்கு அதை வழங்கினார். உயிரோடு வந்து வாங்கிக்கொண்டவர் வெர்னான் பேக்கர் ஒருவர்தான். தாமதம்தான், ஆனால் வெளியாள் ஒருவரிடம் கோப்பைத் திறந்து காட்டிய துணிச்சல் அதில் இருக்கிறது. 1962, 1965, 1971 போர்களின் நிராகரிக்கப்பட்ட பரிந்துரைகளை இங்கேயும் அப்படித் திறக்கலாம். அந்தப் போர்களில் ரகசியம் காக்க இனி என்ன மிச்சம்?

எல்லாவற்றிலும் எளிதாகச் சரிசெய்யக்கூடியது பணக் கணக்கு. 2017-ல் மத்திய அரசு பதக்கம் பெற்றவர்களின் மாதப்படியை இரட்டிப்பாக்கியபோது பரம் வீர் சக்ராவுக்கு 20,000 ரூபாய், அசோக் சக்ராவுக்கு 12,000 என்று ஆனது. மகா வீருக்கு 10,000, கீர்த்திக்கு 9,000. வீர் சக்ராவுக்கு 7,000, சௌர்யவுக்கு 6,000. கீழ்ப் படிகளில் வித்தியாசம் 1,000 ரூபாய். உச்சியில் மட்டும் 8,000. இத்தனைக்கும் அமைதிக் காலத்தின் பரம் வீர் சக்ரா என்று மேடைகளில் அசோக் சக்ராவைச் சொல்கிறார்கள். போதாததற்கு மாநில அரசுகள் தரும் தொகை ஆளுக்கொரு அளவு. ஒரே பங்கரில் ஒரே பதக்கம் வாங்கிய இருவரின் குடும்பங்களில், சொந்த மாநிலம் எது என்பதைப் பொறுத்து ஒன்றுக்கு வீடு கட்ட முடியும், இன்னொன்றுக்கு முடியாது. இதைச் சரிசெய்ய சாட்சியும் வேண்டாம், சைட்டேஷனும் வேண்டாம். மத்திய, மாநில அரசுகள் உட்கார்ந்து பேசி ஆளுக்கொரு அரசாணை போட்டால் முடிகிற வேலை.