இழுத்தால் அடிக்காது, ஆட்டினால் அடிக்கும்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், அவசரமில்லை. அமெரிக்காவில், பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜில் கெண்டால் என்று ஒரு சுரங்க ரயில் நிலையம். எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள் இறங்கும் இடம். அங்கே நடைமேடைச் சுவரில் கைப்பிடிகள் இருக்கும். பயணிகள் ஆட்டி விளையாடட்டும் என்றே வைத்தவை.

ஓவியர் ஆன்றி மத்தீஸின் பேரன் பால் மத்தீஸ் 1987-இல் நிறுவிய சிற்பம் அது. பெயர் ‘கெண்டால் பேண்ட்’. மூன்று கருவிகள். ‘கலிலியோ’ ஒரு பெரிய உலோகத் தகடு. உலுக்கினால் இடி முழக்கம். ‘கெப்ளர்’ ஒரு அலுமினிய வளையம். சுத்தியல் பட்டதும் நீண்ட நேரம் ரீங்கரிக்கும். சூட்சுமம் எல்லாம் மூன்றாவதான ‘பித்தாகரஸி’ல்தான்.

இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 16 அலுமினியக் குழாய்கள் தொங்குகின்றன. இடையிடையே 14 தேக்குச் சுத்தியல்கள். புதிதாக வருகிறவர் கைப்பிடியை வெடுக்கென்று இழுப்பார். ஒன்றும் கேட்காது. கெட்டுப்போயிருக்கிறது என்று நகர்ந்துவிடுவார்.

கைப்பிடி சுத்தியலை நேரே அடிக்க வைப்பதில்லை, லேசாக அசைக்கிறது, அவ்வளவுதான். ஊஞ்சலில் குழந்தையைத் தள்ளுகிறோமே, அதே கணக்கு. தொங்கும் எதற்கும் போய்த் திரும்ப ஒரு நேரம் உண்டு. எவ்வளவு நீளமாகத் தொங்குகிறது என்பதே அதைத் தீர்மானிக்கும். அந்த நேரத்துக்கு ஒத்துத் தள்ளினால் ஒவ்வொரு தள்ளலும் முந்தையதோடு சேரும். மாற்றித் தள்ளினால் முன்பு சேர்ந்ததையே அழிக்கும். இயற்பியலில் இதை ஒத்ததிர்வு என்பார்கள். சீராக ஆட்டிக்கொண்டே இருந்தால் வீச்சு கூடிக்கூடி சுத்தியல்கள் குழாய்களைத் தொடும். பலசாலிக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் இங்கே ஒரே வாய்ப்பு. பிள்ளைதான் பெரும்பாலும் ஜெயிக்கும் என்பது என் ஊகம்.

சுத்தியல் தொட்ட பிறகும் குழாய் ஏன் நெடுநேரம் பாடுகிறது? அடிபட்ட குழாய் வில்லாக வளைந்து வளைந்து நிமிர்கிறது. அப்போதும் இரு முனைகளிலிருந்தும் நீளத்தில் சுமார் 22 சதவீதம் உள்ளே இருக்கும் புள்ளிகள் அசைவதில்லை. இத்தகைய குழாயை அங்கே கட்டித் தொங்கவிட்டால் கயிறு ஒலியை விழுங்காது.

ஊரெல்லாம் ஆட்டும் கைப்பிடி உடையாமலா இருக்கும்? 2010 வாக்கில் எம்.ஐ.டி. மாணவர்கள் சிலர் பழுதுபார்க்க இறங்கினார்கள். இப்படிப்பட்ட சிற்பத்தைச் செய்யும் செலவைவிடப் பராமரிக்கும் செலவைத்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்பேன்.

அங்கே போக வாய்த்தால் கடிகாரத்தைப் பாருங்கள். ரயிலுக்கு ஏழு நிமிடம் இருந்தால் பித்தாகரஸ். ஒரே நிமிடம்தான் என்றால் கலிலியோ.