உங்களுக்குத் தெரியுமா? இருட்டில் ஒரு ரசாயனம்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும் சாலையில், ஊர் எல்லைக்குள்ளேயே பாப்பனங்கோடு வரும். அங்குள்ள சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகமான என்.ஐ.ஐ.எஸ்.டி.யில் கே. ஜார்ஜ் தாமஸிடம் ஆராய்ச்சி பழகியவர் ஜினோ ஜார்ஜ். தங்க நானோ துகள்கள் ஒளியோடு உறவாடும் விதம் பற்றி 2010இல் இருவரும் எழுதினார்கள். பிறகு ஜினோ பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகருக்கு, தாமஸ் எப்பெசனின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அங்கே அவர் ஆய்வில் துகள் போய்க் கண்ணாடியும் பசையும் வந்தன.

தச்சர்கள் பூசும் வெள்ளைப் பசையின் மூலப்பொருள் பாலிவினைல் அசிட்டேட். அதிலுள்ள கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு சும்மா இருப்பதில்லை. நொடிக்குச் சுமார் 52 லட்சம் கோடி முறை அதிர்கிறது!

இரண்டு தங்கக் கண்ணாடிகளைச் சுமார் 2 மைக்ரான் இடைவெளியில் எதிரெதிரே வைத்தால், அந்த அதிர்வுக்கு ஒத்த அகச்சிவப்பு ஒளி மட்டும் நடுவே நிலைகொள்ளும். இதுதான் ஒளிக்குழி. எப்பெசன் குழுவினர் நடுவில் பசைப் படலத்தை வைத்தார்கள். வழக்கமாக 1740 என்ற அலையெண்ணில் ஒரே உச்சம் காட்டும் பசை, குழிக்குள் இரண்டு உச்சங்களைக் காட்டியது. அந்த உச்சங்களுக்கு இடையே அதே அலகில் 167 வித்தியாசம். ஆய்வு வெளியான ஆண்டு 2015.

ஒன்று ஏன் இரண்டாகிறது? வீட்டிலேயே பார்க்கலாம். கொடிக்கயிற்றில் ஒரே நீள நூலில் இரண்டு பூட்டுகளைக் கட்டி, ஒன்றை மட்டும் ஆட்டிவிடுங்கள். சற்று நேரத்தில் அது அடங்கும், மற்றது ஆடும், பிறகு பழையபடி. ஆட்டம் இரண்டுக்கும் பொதுவாகிவிட்டது. சேர்ந்து ஆடினால் ஒரு வேகம், எதிரெதிராக ஆடினால் இன்னொரு வேகம். குழிக்குள் ஒரு பூட்டு ஒளி, மற்றது மூலக்கூறு. பாதி ஒளி, பாதி பொருளான இந்தக் கலப்புக்குப் பெயர் போலாரிட்டான்.

இதற்கு விளக்கே வேண்டாம். கும்மிருட்டான வெற்றிடத்திலும் மின்காந்தப் புலம் லேசாக நடுங்கிக்கொண்டேதான் இருக்கும் என்கிறது குவாண்டம் இயற்பியல். இந்த இணைவுக்கு அந்த நடுக்கமே போதும். (முதலில் படித்தபோது நானும் நம்பவில்லை.)

பிணைப்பின் அதிர்வு மாறினால் வேதிவினையும் மாறுமா? ஆய்வாளர் அனூப் தாமஸும் ஜினோவும் இடம்பெற்ற எப்பெசன் குழு, 2016இல் சிலிக்கான்-கார்பன் பிணைப்பை உடைக்கும் ஒரு வினையைக் குழிக்குள் நடத்தியது. வேகம் 5.5 மடங்கு வரை குறைந்தது. கண்ணாடி இடைவெளி அந்தப் பிணைப்பின் அதிர்வுக்குப் பொருந்தாதபோது வினை வழக்கம்போல நடந்தது.

குறைக்கலாம் என்றால் கூட்டவும் முடியுமா? மொகாலியிலுள்ள ஐசர் என்ற அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் தனிக் குழு அமைத்த ஜினோ, 2019இல் முடியும் என்றார். கரைப்பானின் அதிர்வையும் சேர்த்து இணைத்தபோது, ஒரு எஸ்டர் சிதையும் வினை சுமார் பத்து மடங்கு வேகமெடுத்ததாக அவர் குழு எழுதியது. 2021இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் இருவர் அதையே செய்து பார்த்தார்கள். சொல்லிக்கொள்ளும்படியான வேக அதிகரிப்பு எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

உச்சம் இரண்டாகப் பிரிவதில் யாருக்கும் சந்தேகமில்லை. வினையின் வேகம் மாறுகிறதா என்பதில்தான் வழக்கு. ஆகவே, ‘இருட்டே வினையூக்கி’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், இப்போதைக்கு யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள்.