உங்களுக்குத் தெரியுமா? பனிக்குட நீரின் கணக்கு

கர்ப்பத்தின் பிற்பாதியில் பனிக்குட நீர் பெரும்பாலும் குழந்தையின் சிறுநீர்தான்! குழந்தை அதையே விழுங்கும், மறுபடி வெளியேற்றும். 34 வாரத்தை ஒட்டி ஏறத்தாழ 800 மி.லி. இருக்கும் நீர், 40 வாரத்தில் 600 அளவுக்கு இறங்குவது இயல்பு.

அளவு மீறிக் குறைந்தால்? பனிக்குடம் கசிகிறதா என்று பார்ப்பார்கள். அடுத்த சந்தேகம் நஞ்சுக்கொடி மேல். அது தளர்ந்தால், கிடைக்கும் ரத்தத்தைக் குழந்தை மூளைக்கும் இதயத்துக்கும் முதலில் ஒதுக்கிவிடும் (பலே கெட்டி!). சிறுநீரகத்துக்கு வரத்து குறையும், நீரும் குறையும். தொப்புள்கொடியின் ரத்த ஓட்டத்தை டாப்ளர் ஸ்கேன் காட்டிவிடும்.

குழந்தையின் சிறுநீர்ப் பாதை அடைபட்டாலும் நீர் குறையும். 1981-ல், சான் பிரான்சிஸ்கோவில், அப்படி அடைபட்ட சிசுவுக்காகக் கருப்பையையே திறந்து அறுவைச் சிகிச்சை செய்தது டாக்டர் மைக்கேல் ஹாரிசன் குழு. பனிக்குட நீர் வற்றினால் சிசுவின் நுரையீரல் சரியாக வளராது என்பதே அவர்களுடைய கவலை.

கர்ப்பிணி மகள் அமெரிக்காவின் சான்டா கிளாராவில், அம்மா சென்னையில் என்றால், போனில் பனிக்குட நீர் ரிப்போர்ட் எண்களை ஒப்பிட்டுப் பதற வேண்டாம். ஸ்கேனில் கருப்பையின் நான்கு பகுதிகளில் நீரின் ஆழத்தை அளந்து கூட்டினால் 5 செ.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். ஆழமான ஒரே பகுதியை அளந்தால் 2 செ.மீ.க்கு மேல் போதும். அங்கே கூட்டுத்தொகை ‘10’, இங்கே ஒரே பகுதியில் ‘4’ என்றால் இரண்டும் நல்ல எண்களே.

குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால் மட்டும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் பிரசவப் பிரிவுக்கு உடனே போன் செய்யுங்கள்.