சின்னஞ்சிறு ரயில் – 14: ஒன்பது மில்லிமீட்டர்

மாதிரி ரயிலில் 1:87 அளவை மூட்டை கட்டிவிட்டு 1:160-க்கு மாறிய கதை உங்களுக்குத் தெரியும். ஆறடி மேஜை, கோரமண்டல் எக்ஸ்பிரஸ், இடமில்லை. அவ்வளவுதான். இந்த வாரம் வளைவுகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் பழைய நோட்டு ஒன்று கையில் அகப்பட்டுவிட்டது.

அதில் ஒரே ஒரு எண்: 1435. கொல்கத்தா லேக் மார்க்கெட் வாசலில் டிராம் ஓடிக்கொண்டிருந்த நாளில் குறித்தது. கறிவேப்பிலையும் வாழையிலையும் வாங்கப் போன ஒரு விடியற்காலையில், வண்டி வராத நேரம் பார்த்து ராஷ்பிஹாரி அவென்யூ தண்டவாளத்தை அளந்தேன். டேப்பின் மறுமுனையைப் பூக்காரர் பிடித்துக்கொண்டார். “கீ மாப்ச்சேன், தாதா?” என்று இரண்டு தடவை கேட்டார். உள்விளிம்புக்கு உள்விளிம்பு 1435 மில்லிமீட்டர்.

இதை 160-ஆல் வகுத்தால் 8.97. 1:160-க்கான ‘என்’ அளவுத் தண்டவாளத்தின் அகலம் 9. அந்த ‘என்’ என்ற எழுத்தே ஒன்பதைக் குறிக்கத்தான் வந்தது. நிஜத்துக்கும் பொம்மைக்கும் நடுவே ஒரு தலைமுடியின் கனம்கூட வித்தியாசமில்லை! வகுத்துப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

கோரமண்டலுக்கு இந்தப் பொருத்தம் கிடையாது. நம் அகலப்பாதை 1676. அதற்கு 10.5 மில்லிமீட்டர் வேண்டும். கடையில் கிடைப்பதோ 9. பழைய 1:87-லும் இதே கதைதான்: 19.3 வேண்டிய இடத்தில் 16.5. நேர் எதிரே வைத்துப் பார்த்தால் வண்டி இடுப்பு ஒடுங்கி நிற்கும். பல வருஷம் அது என் கண்ணை உறுத்தியது. ராஷ்பிஹாரி சந்திப்பில் நில்லுங்கள். காலுக்குக் கீழே காளிகாட் மெட்ரோ, 1676. தெருவில் ஓடிய டிராம், 1435. என் மேஜைக்கு உரியது மேலே ஓடியதுதான்.

ஆகவே கோரமண்டலையும் ஹவுரா ஸ்டேஷனையும் கைவிட்டு, டிராம் தெருவையே மேஜையில் அமைக்கிறேன். ஆறடி மேஜையில் பழைய அளவில் 160 மீட்டர் தெருதான் கிடைத்திருக்கும். இப்போது 290 மீட்டர். மார்க்கெட் முகப்பு, பூக்கடைகள், தேசப்ரிய பார்க்கின் ஒரு மூலை எல்லாம் வரும். 1902-லிருந்து மின்சாரத்தில் ஓடிய டிராமை, எஸ்பிளனேடு–மைதான் தடம் தவிர மற்ற இடங்களில் நிறுத்தப்போவதாக 2024 செப்டம்பரில் அரசு அறிவித்தது. மேஜையிலாவது அது சரியான அகலத்தில் ஓட வேண்டும்.

பார்க்கின் மண்ணுக்கு வழக்கம்போல டிகாக்‌ஷன் இறக்கிய காபித் திப்பியைக் காயவைத்து ஒட்டினேன். பழைய அளவில் மண்ணாகவே தெரிந்த சமாசாரம், இப்போது உழுது போட்ட வயலாகிவிட்டது. அரை மில்லிமீட்டர் துகள், 160 மடங்கில் 8 சென்டிமீட்டர் கட்டி! எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தேன். புதுத் திப்பியை அம்மியில் அரைத்து, மாவுச் சல்லடையில் சலித்து, அப்புறம் பழைய வேட்டித் துணியில் தட்டித் தட்டி இறக்கியதில் ஒரு தேக்கரண்டி தேறியது. பார்க்குக்கு இன்னும் நாலு கரண்டி வேண்டும்.

வளைவுகளும், டிராம் தலைமேல் நிற்கும் டிராலிக் கம்பும் அடுத்த வாரம்.