அம்மாவோட டிஸ்சார்ஜ் சம்மரியில் மூணு எழுத்து

இந்த எபிசோட்ல நடுநடுவே ரயில் சத்தம் கேட்கும், பொறுத்துக்கோங்க. பாதியை ஆரம்பாக்கத்துல, எங்க வீட்டு மாடியில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்ணேன். ஆரம்பாக்கம் தெரியாதவங்களுக்கு: கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, ஆந்திரா எல்லைக்கு முன்னாடி வர்ற கடைசி ஸ்டேஷன். அடுத்தது தடா.

கொஞ்ச நாள் முன்னாடி அம்மா போன் பண்ணாங்க. "ஏன்டி, அந்த ஹார்மோன் மாத்திரையில இனிமே ஆபத்து இல்லையாமே? ஹார்ட்டுக்கும் நல்லதாமே?" ரீல்ஸ்ல பார்த்திருக்காங்க. அம்மாவுக்கு இப்ப 51. 39 வயசுல கர்ப்பப்பையை எடுத்தாச்சு. ராத்திரி திடீர்னு உடம்பு கொதிச்சு வேர்க்குது, ஸ்டேஷன் படி ஏறினா மூச்சு வாங்குது. வெயில்தான் காரணம்னு தெருவே முடிவு பண்ணிடுச்சு.

ரீல்ஸ் சொன்னது முழுப்பொய் இல்ல. 2025 நவம்பர்ல அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ., மாதவிடாய் நின்ன பிறகு எடுத்துக்கற ஹார்மோன் மருந்துகள் மேல இருந்த கறுப்புக்கட்ட எச்சரிக்கையில பெரும்பகுதியை நீக்கப்போறதா அறிவிச்சது. இதய நோய், மார்பகப் புற்றுநோய் பத்தின வரிகள் அதுல அடக்கம். ஆனா "எச்சரிக்கையை எடுத்தாச்சு" வேற, "ஹார்ட்டுக்கு நல்லது" வேற. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற கதையைத்தான் இன்னைக்குப் பேசப்போறோம்.

சினைப்பை சுரக்கற ஈஸ்ட்ரோஜன், ரத்தக்குழாயோட உள்சுவரை இளக்கமா வச்சிருக்க உதவுது. மாதவிடாய் நின்னதும் அது குறையுது. எல்.டி.எல். கொழுப்பு ஏறுது, சதை இடுப்புல இருந்து வயித்துக்கு மாறுது, குழாய்கள் விறைப்பாகுது. அப்போ குறைஞ்சதை மாத்திரையா கொடுத்துட்டா இதயம் தப்பிக்கும்னு ஒரு தலைமுறை டாக்டர்கள் நம்பினாங்க. அமெரிக்காவுல நர்ஸுகளைப் பல வருஷம் தொடர்ந்து கவனிச்ச ஒரு ஆய்வும், ஹார்மோன் எடுத்தவங்களுக்கு இதய நோய் குறைவுன்னுதான் காட்டுச்சு. சிக்கல் என்னன்னா, மாத்திரை எடுத்தவங்க பொதுவா வசதியானவங்க, உடம்பைப் பார்த்துக்கறவங்க. காப்பாத்தினது மாத்திரையா, அந்த வாழ்க்கையான்னு பிரிச்சுச் சொல்ல முடியல.

பிரிச்சுப் பார்த்தது டபிள்யூ.எச்.ஐ.ன்ற பெரிய சோதனை. 16,608 பெண்கள். சீட்டுக் குலுக்கற மாதிரி, பாதிப்பேருக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை, பாதிப்பேருக்கு வெத்து மாத்திரை. 2002 ஜூலையில பாதியிலேயே நிறுத்திட்டாங்க. 10,000 பெண்கள் ஒரு வருஷம் எடுத்தா இதய நோய் 7 பேருக்குக் கூடுதலா வந்தது, பக்கவாதம் 8 பேருக்கு, மார்பகப் புற்றுநோய் 8 பேருக்கு. தனி ஆளுக்கு இது சின்ன எண்தான். தலைப்புச் செய்தியில அப்படித் தெரியல. உலகம் முழுக்க மாத்திரையைத் தூக்கிப் போட்டாங்க.

அந்தப் பெண்களோட சராசரி வயசு 63. இதுதான் பின்னாடி எல்லாரும் திரும்பிப் பார்த்த இடம். எங்க ஊர் உப்புத்தண்ணி பைப்பை நினைச்சுக்கோங்க. புதுசா இருக்கும்போதே உள்ள பூச்சு கொடுத்தா தாங்கும். பத்து வருஷம் துரு ஏறின பைப்புல கைவச்சா, துரு பேர்ந்து போய் அடைச்சுக்கும். உவமை முழுசா பொருந்தாது, ஆனா கருத்து அதுதான். 2016ல வந்த எலைட்ன்ற ஆய்வுல 643 பெண்கள். மாதவிடாய் நின்னு 6 வருஷத்துக்குள்ள ஆரம்பிச்சவங்களுக்கு கழுத்து ரத்தக்குழாயோட சுவர் தடிக்கறது மெதுவாச்சு. 10 வருஷம் கழிச்சு ஆரம்பிச்சவங்களுக்கு எந்த வித்தியாசமும் இல்ல. கவனிங்க, அவங்க அளந்தது சுவர் தடிமனை, மாரடைப்பை இல்ல.

அதனால இன்னைக்கும் இதயத்தைக் காப்பாத்தறதுக்குன்னே ஹார்மோன் ஆரம்பிங்கன்னு வழிகாட்டிகள் சொல்லல. உடம்புச்சூடு, தூக்கமில்லாம வேர்க்கறதுன்னு தொந்தரவு இருந்து, வயசு 60க்குள்ள, மாதவிடாய் நின்னு 10 வருஷத்துக்குள்ளன்னா பெரும்பாலானவங்களுக்கு ஆபத்தைவிட நன்மை அதிகம். ஏற்கெனவே மாரடைப்பு, பக்கவாதம், கால்ல ரத்தக்கட்டு, மார்பகப் புற்றுநோய் வந்திருந்தா பொதுவா கொடுக்க மாட்டாங்க. மாத்திரை ஈரல் வழியாப் போய் ரத்தம் உறையறதைக் கூட்டும். தோல்ல ஒட்டற பட்டை, ஜெல்லுல அந்த ஆபத்து குறைவு.

சரி, அம்மா. பீரோவுல இருந்த பழைய ஃபைலைத் தேடி எடுத்தோம். டிஸ்சார்ஜ் சம்மரியில ஆபரேஷன் பேருக்குப் பக்கத்துல மூணு எழுத்து: பி.எஸ்.ஓ. ரெண்டு சினைப்பையையும் சேர்த்து எடுத்துட்டாங்கன்னு அர்த்தம். அம்மாவுக்கு 12 வருஷமா இது தெரியாது. "கர்ப்பப்பை மட்டும்தான்டி எடுத்தாங்க"ன்னு என்கிட்டயே சண்டை போட்டாங்க.

இதுல என்ன வித்தியாசம்? நம்ம நாட்டுல மாதவிடாய் தானா நிக்கறது சராசரியா 46, 47 வயசுல. சினைப்பையை எடுத்தா ஈஸ்ட்ரோஜன் படிப்படியா குறையறது இல்ல, ஒரே நாள்ல நின்னுபோகுது. 45 வயசுக்கு முன்னாடி அப்படி எடுத்தவங்களுக்கு இதய நோய் ஆபத்து கூடுதல். அவங்களுக்கு மட்டும் கணக்கே வேற: தடை ஏதும் இல்லேன்னா, இயல்பா மாதவிடாய் நிக்கற வயசு வரைக்கும் ஹார்மோன் கொடுக்கணும்னு வழிகாட்டிகள் சொல்லுது. அம்மாகிட்ட யாரும் அதைப் பேசவே இல்ல.

எல்லைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் இது சின்ன விஷயம் இல்ல. 2015-16 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புல, 15-49 வயசுப் பெண்கள்ல கர்ப்பப்பை எடுத்தவங்க நாட்டளவுல 100க்கு 3 பேர். ஆந்திராவுல கிட்டத்தட்ட 9 பேர்.

அம்மாவுக்கு இப்போ 12 வருஷம் ஓடிப்போச்சு. இதயத்துக்காக ஹார்மோனை இனிமே ஆரம்பிக்கறதுல அர்த்தமில்லன்னு டாக்டர் தெளிவா சொல்லிட்டாங்க. ஈ.சி.ஜி., எக்கோ பார்த்ததுல பெருசா ஒண்ணும் இல்ல, ஆனா பி.பி. 160. அது எத்தனை வருஷமா இருந்ததோ! மாத்திரை ஆரம்பிச்சாச்சு. மக்களைத் தேடி மருத்துவம் மூலமா வீட்டுக்கே வரும்னு சொன்னதும்தான் அம்மா சமாதானமானாங்க.

இன்னொண்ணு. பெண்களுக்கு மாரடைப்பு எப்பவும் சினிமா மாதிரி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வராது. தாடைவலி, முதுகுவலி, குமட்டல், காரணமில்லாத களைப்பா வரலாம். அப்போ சென்னை ஆஸ்பத்திரிக்குக் கார் தேடாம 108க்குப் போன் பண்ணுங்க. ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல "இதயம் காப்போம்" திட்டத்துல முதல் டோஸ் மாத்திரைகள் வச்சிருக்காங்க.

சூளூர்பேட்டையில இருக்கற சித்திக்கு 42. ரெண்டு வருஷம் முன்னாடி அதே ஆபரேஷன். போன ஞாயித்துக்கிழமை அவங்க பேப்பரை வாட்ஸ்அப்ல அனுப்பச் சொன்னேன். அதுலயும் அதே மூணு எழுத்து. வர்ற வியாழக்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கோம். அம்மாவும் கூடப் போறாங்க.